மணையை விட்டு இறங்கிய உலீத்தா

எங்கள் எஜமானின் ஒரே மகள் உலீத்தா மாஸ்கோவில் பிறந்து மாஸ்கோவில் வளர்ந்தவள். ஆனால் பதினெட்டு வயதுவரை அவள் மாஸ்கோவைப் பார்த்ததில்லை. மேல்மாடியில் பெண்களுக்கென்று ஒதுக்கிய அறைகள்தான் அவளுக்கு ஊர். சன்னலில் பதித்திருந்த காக்காப்பொன் தகடு வழியாகத் தெருவைப் பார்த்தால் பாதிரியாரும் பசுமாடும் ஒன்றுபோலத் தெரிவார்கள். கோயிலுக்குப் போனால் வண்டிக்குத் திரை, வண்டியை விட்டு இறங்கினால் முகத்துக்குத் திரை, கோயிலுக்குள் நுழைந்தால் பெண்கள் நிற்கிற பக்கத்துக்கு ஒரு திரை. சாமிக்கே அவளை அடையாளம் தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

நான் அந்த மாடிக்கு விறகு சுமந்து அடுப்பு மூட்டுகிற அகாபியா. ஆண்பிள்ளை ஏறக்கூடாத அந்தப் படியில் நான் ஏறி இறங்கி ஏறி இறங்கி, கடைசியில் என்னைக் கண்டாலே படி பெருமூச்சு விட ஆரம்பித்துவிட்டது. அதனால் அந்த வீட்டுப் பெண்களின் சங்கதி எஜமானைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

உலீத்தாவுக்கு மூளையை ஊற்றும்போது கடவுளுக்குக் கை தவறி நிறைய விழுந்துவிட்டது. அந்த நஷ்டத்தை உயரத்தில் பிடித்துக்கொண்டார். ரொட்டி போட்டுப் புளிக்கவைக்கும் குவாஸ் பீப்பாய் பக்கத்தில் அவள் நின்றால் பீப்பாய் அக்கா மாதிரி இருக்கும்.

அம்மா பெலகேயா அந்தக் காலத்துப் பெரிய வீட்டு அழகி. முகத்தில் சுவருக்குப் பூசுகிற கனத்தில் வெள்ளைப் பூச்சு. கன்னத்தில் பீட்ரூட் சிவப்பு. பல்லெல்லாம் கரி போலக் கறுப்பு. வெள்ளைப் பல் நாய்க்கு உண்டு, ஓநாய்க்கு உண்டு, குடும்பப் பெண்ணுக்கு எதற்கு என்பாள். அவள் சிரித்தால் அடுப்புக் கதவைத் திறந்ததுபோல இருக்கும்.

அப்பா சவ்வா தெரெந்தியிச்சுக்குத் தாடிதான் சொத்து. பெரிய மனிதர்கள் எல்லோரும் தாடியை எடுக்கவேண்டும் என்று ஜார் உத்தரவு போட்ட வருஷம் அவர் அழுத அழுகையில் மாஸ்க்வா ஆற்றில் மீன்கள் கரையேறின. வழித்த தாடியை ஒரு மரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். செத்தபிறகு அதையும் சவப்பெட்டியில் வைக்கவேண்டும். எங்கள் ஊரில் தாடி இல்லாத அந்நியன் எல்லாம் ஜெர்மன்காரன்தான். தாடி இல்லாத முகத்தோடு போனால் சொர்க்கத்துக் காவல்காரன் ‘நீ எந்த ஊர் ஜெர்மன்காரன்’ என்று துரத்திவிட்டால் என்ன செய்வது? அதுவரைக்கும், நல்லதோ கெட்டதோ, அந்தப் பெட்டிமேல் கை வைத்துத்தான் சத்தியம் செய்வார். அந்தச் சத்தியத்தை மட்டும் அவர் மீறியதே கிடையாது.

உலீத்தாவுக்கு ஒரு வரன் வந்தது. பையன் பெயர் அர்தலியோன். கப்பல் கட்டப் படிக்க ஒல்லாந்து தேசத்துக்கு ஜார் அனுப்பிவைத்த கூட்டத்தில் ஒருவன். திரும்பி வந்துகொண்டிருக்கிறான் என்றார்கள். எங்கள் வழக்கத்தில் பையன் பெண்ணைப் பார்ப்பதில்லை. மோதிரம் மாற்றி, முடி மூடி, எல்லாம் முடிந்து கதவைச் சாத்தினபிறகுதான் யார் யாரைக் கட்டிக்கொண்டோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவரும். முன்னால் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போவது பையன் வீட்டுப் பெரிய பொம்பளை. இந்தப் பையனுக்கு அத்தை மாவ்ரா வந்தாள்.

அவள் வருகிற அன்று காலையில் பெலகேயாம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“ஏ அகாபியா, மாட்டுக்கொட்டாய்க்குப் போய் பால் கறக்கிற மணை ரெண்டு எடுத்துட்டு வா. சாணி இல்லாததா பாத்து எடு.”

“சாணி இல்லாத மணை மாட்டுக்கொட்டாயில ஏதும்மா. கழுவி எடுத்துட்டு வரேன்.”

ஒரு காலுக்கு ஒரு மணை. உலீத்தா அதன்மேல் ஏறி நின்றாள். தரைவரை தொங்குகிற புது அங்கியை மேலே போட்டு, விளிம்பை இழுத்து மணையை மறைத்தோம். ஒரே நிமிஷத்தில் பெண் வளர்ந்துவிட்டாள். கோதுமைப் பயிர்கூட அவ்வளவு சீக்கிரம் வளராது.

“அம்மா, இது ஏமாத்து இல்லையா?” என்று மேலே இருந்து கேட்டாள் உலீத்தா.

“வாயை மூடு. ஆடாத. மூச்சையும் பாத்து விடு.”

மாவ்ரா வந்து உட்கார்ந்தாள். பெருத்த உடம்பு, சின்னக் கண், ஆனால் அந்தக் கண் ஊசி. நான் அடுப்புக்குப் பின்னால் விறகோடு விறகாக நின்றேன். ஒரு பூனை வந்து அங்கி விளிம்பை மோந்து பார்த்தது. மாட்டுக்கொட்டாய் வாசனை அதற்குத் தெரியாதா என்ன. நான் விறகுக் கட்டையை எடுத்துக் காட்டினேன். அது என்னை முறைத்துவிட்டுப் போனது.

“பொண்ணு நல்ல உசரம்” என்றாள் மாவ்ரா. “கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்க.”

“ஐயோ, எங்க பொண்ணு வெளி ஆளு முன்னாடி நடக்கவே நடக்காது” என்றாள் பெலகேயாம்மா. “அவ்வளவு கூச்சம்.”

“நல்ல வளர்ப்பு. சரி பொண்ணே, நான் ஒண்ணு கேக்கறேன். வேலைக்காரில எவளோ மாவு திருடறா. எப்படிக் கண்டுபிடிப்பே?”

உலீத்தாவுக்கு அதற்குள் கால் மரத்துப்போயிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “எல்லாருக்கும் சுடச்சுட அப்பம் போடச் சொல்லுவேன் அத்தை. பசிக்கலன்னு எவ சொல்றாளோ, அவ வீட்டில ஏற்கெனவே அப்பம் வேகுது.”

மாவ்ரா சிரித்த சிரிப்பில் சன்னல் தகடு நடுங்கியது. உலீத்தாவும் சிரிக்கப் பார்த்தாள். சிரித்தால் மணை ஆடும் என்று பெலகேயாம்மா கண்ணாலேயே அவளை ஆணி அடித்தாள். மாவ்ரா எழுந்து, “முடிச்சிடலாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் வண்டி வாசலைத் தாண்டியதும் உலீத்தா தொப்பென்று தரையில் விழுந்தாள். கால் இரண்டும் மரக்கட்டை. நான் தேய்த்துத் தேய்த்து உயிர் வரவழைத்தேன்.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இனிமேல் கல்யாணத்தன்றைக்குத்தானே பார்ப்பான், அப்போது பார்த்து என்ன செய்துவிடுவான் என்று கணக்கு.

அந்தக் கணக்கை ஜார் கெடுத்தார். இலையுதிர் காலத்தில் மாவ்ரா திரும்ப வந்தாள். கீழே வரவேற்பறையில் சவ்வா எதிரில் உட்கார்ந்து, ஏதோ சந்தையில் முட்டைக்கோஸ் விலை ஏறியதைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

“புது உத்தரவு வந்திருக்கு. நிச்சயம் முடிஞ்சு ஆறு வாரம் கழிச்சுத்தான் கல்யாணமாம். அந்த ஆறு வாரத்தில பையனும் பொண்ணும் பாத்துப் பேசிக்கலாமாம். பிடிக்கலைன்னா விட்டுடலாமாம். எங்க அர்தலியோன் ஊருக்கு வந்துட்டான். பொண்ணைப் பாக்கணுங்கிறான்.”

சவ்வாவுக்கு வாயில் இருந்த தேன்மது வாயிலேயே நின்றது. அதை விழுங்க அவருக்கு ஒரு யுகம் ஆனது.

“யாரு யாரைப் பாக்கறது?”

“இவன் அவளை. அவ இவனை.”

“பொண்ண ஆம்பளை பாக்கறதா? இது என் வீடா, குதிரைச் சந்தையா?”

மாடிப் படியின் பாதியில் ஒளிந்து கேட்டுக்கொண்டிருந்த உலீத்தா என் காதில் முணுமுணுத்தாள். “அத்தை வந்து என்னைப் பாத்தப்ப மட்டும் கோயிலாவா இருந்துச்சு?”

மாவ்ரா போனபிறகு வீடு செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. சமையல்காரி முட்டைக்கோஸ் கஞ்சிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள், யாருக்கும் தெரியவில்லை. பெலகேயாம்மா அழுததில் முகத்து வெள்ளை இரண்டு வாய்க்காலாக ஓடியது. சவ்வா பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பெண்கள் மாடிக்கு அவர் அப்படி ஏறி வந்ததே எனக்கு ஞாபகம் இல்லை. மகளை நிறுத்தி, தாடிமேல் கை வைத்தார்.

“இத பாரு உலீத்தா. நம்ம பொண்ண ஒருத்தன் பாத்துட்டு வேண்டாம்னு போனான்னா, நாளைக்கு ஊருல நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு நடக்கிறது? இருக்கிற மொகத்தையும் வழிச்சுட்டாங்க. இந்தக் கல்யாணம் நடக்கலேன்னா நீ மடத்துக்குத்தான். முடிய வெட்டி, கறுப்பு அங்கியப் போட்டு, கதவச் சாத்திடுவாங்க. இது தாடி மேல சத்தியம்.”

 உலீத்தாவுக்கு மடத்தைப் பற்றித் தெரியும். சவ்வாவின் தங்கை ஒருத்தி பதினைந்து வயதில் உள்ளே போனவள், ஒருமுறை பார்க்கப் போனபோது பேச மறந்திருந்தாள். அன்றைக்கு உலீத்தா சாப்பிடவில்லை. நான் காளான் அடைத்த பணியாரம் கொண்டுபோய் வைத்தேன். அதைத் தொடாமல் இருந்தாள் என்றால் விஷயம் எவ்வளவு பெரிது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பெலகேயாம்மாவுக்கு யோசனை பிறந்தது. ஜெர்மன்காரர்களின் உடுப்பைப் பார்த்தாலே மூன்று முறை சிலுவை போட்டுக்கொள்கிறவள் அவள். அவளே சொன்னாள்.

“அந்தக் கிறுக்குப் பசங்க செருப்புக்கு அடியில கட்டை வச்சுப் போடறாங்களாமே. அகாபியா, ஜெர்மன்காரங்க குடியிருப்புல செருப்புத் தைக்கிறவன் இருப்பான். போய் ஒரு ஜோடி தச்சு வாங்கிட்டு வா. கட்டை எவ்வளவு உசரம் வைக்க முடியுமோ அவ்வளவு.”

“அந்த உடுப்புப் போட்டா நரகத்துக்குப் போவாங்கன்னு சொன்னீங்களேம்மா.”

“உடுப்புத்தான். செருப்பைப் பத்தி எந்தப் பாதிரியாரும் சொல்லல.”

செருப்புத் தைப்பவன் நான் கேட்ட உயரத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் எஜமானி வெள்ளம் வருமென்று பயப்படுகிறாளா என்று கேட்டான். தைத்துக் கொடுத்தான். நடு அறையில் பயிற்சி நடந்தது. உலீத்தா இரண்டடி வைப்பாள், என்மேல் விழுவாள். மூன்றடி வைப்பாள், அடுப்பின்மேல் விழுவாள். உறைந்த ஆற்றில் கன்றுக்குட்டி நடக்கிற மாதிரி நடந்தாள். கடைசியில் சுவரைப் பிடிக்காமல் அறையைக் கடக்கிற அளவுக்கு வந்தாள். ஆனால் முகத்தில் ஒரு வலி இருந்துகொண்டே இருந்தது.

“எப்பவும் இதுமேலயே நிக்கணுமா அகாபியா?”

“கல்யாணம் வரைக்கும்தான் கண்ணு.”

“அப்புறம்?”

நான் விறகு எடுக்கப் போய்விட்டேன்.

முதல் பனி விழுந்த வாரத்தில் அர்தலியோன் வந்தான். அவன் வண்டியிலிருந்து இறங்கியதைப் பார்த்து எங்கள் நாய் குரைக்க மறந்தது. தோல் உரித்த கோழி மாதிரி வழித்த முகம். முழங்கால்வரைக்கும் கால்சட்டை, அதற்குக் கீழே பொம்பளை மாதிரி வெள்ளைக் காலுறை. தலையில் தோள்வரை சுருண்டு விழுகிற ஒரு பெரிய டோப்பா. செம்மறி ஆடு ஒன்று அவன் தலையில் ஏறித் தூங்கிவிட்டதோ என்று நினைத்தேன். கூடவே மாவ்ராவும் வந்திருந்தாள்.

பெலகேயாம்மா கும்பிட்டு, வாயைத் திறந்து சிரித்தாள். அவன் அந்தப் பல்லைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனான்.

“அத்தை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?” என்று மாவ்ராவிடம் மெதுவாகக் கேட்டான்.

“அது அழகுடா. ஒல்லாந்து போய் எல்லாத்தையும் மறந்துட்டியா?”

உலீத்தா அந்தச் செருப்போடு உள்ளே வந்தாள். கீழறையில் வெளி ஆண்பிள்ளை முன்னால் முகம் மூடாமல் ஒரு பெண் வந்து நின்றது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. சவ்வா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மூலையில் இருந்த சாமிப் படத்துக்கு முன்னால் பெலகேயாம்மா துணியை இழுத்து விட்டாள், சாமி பார்க்கவேண்டாம் என்று.

அர்தலியோன் கெட்டவன் இல்லை. மரியாதையாகப் பேசினான். கப்பலில் போனபோது வாந்தி எடுத்ததைச் சொன்னான். உலீத்தா கேட்டாள், “கப்பல் கட்டப் படிச்சவருக்கே வாந்தி வருமா?” அவன், “கட்டறவன் கரையிலதானே நிக்கிறான்” என்றான். அவள் சிரித்தாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எனக்கே கல்யாணச் சமையல் வாசனை வர ஆரம்பித்தது.

அப்போது அவன் கையை நீட்டினான்.

“இனி எல்லா விருந்திலயும் ஆடணுமாம். ஒரு அடி சொல்லித்தரவா?”

சுவரைப் பார்த்திருந்த சவ்வாவின் முதுகு நடுங்கியது.  உலீத்தா கையைக் கொடுத்தாள். ஒரு அடி வைத்தாள். இரண்டாவது அடி வைத்தாள். திரும்பச் சொன்னான், திரும்பினாள். செருப்பு ஒரு பக்கம் போனது, உலீத்தா ஒரு பக்கம் போனாள். விழாமல் இருக்க எதையாவது பிடிக்கவேண்டும் அல்லவா, எட்டிப் பிடித்தாள். பிடித்தது அவன் டோப்பாவை.

அது கையோடு வந்துவிட்டது. உள்ளே மொட்டைத் தலை, வேகவைத்து உரித்த முட்டை மாதிரி. பெலகேயாம்மா ‘ஐயோ’ என்று கத்தி முகத்தை மூடிக்கொண்டாள். மகள் அவன் தலையையே பிடுங்கிவிட்டதாக நினைத்துவிட்டாள். கத்தல் கேட்டுத் திரும்பிய சவ்வா, மகள் கையில் முடியும் மாப்பிள்ளை தலையில் ஒன்றுமில்லாததையும் பார்த்து மறுபடி சுவர்ப்பக்கமே திரும்பிக்கொண்டார்.

உலீத்தா தரையில் உட்கார்ந்தபடி அந்த டோப்பாவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவனுக்கு முகம் பீட்ரூட்.

“அழுத்தமாத்தான் வச்சிருந்தேன்” என்றான்.

“நானும்தான்” என்றாள் அவள்.

அப்புறம் அவள் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இரண்டு செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தாள். வெறுங்காலோடு எழுந்து அவன் முன்னால் நின்றாள். அவள் தலை அவன் சட்டைப் பொத்தான் வரைக்கும்தான் வந்தது.

“உங்களோடது கழண்டுடுச்சு. நானும் என்னோடத கழட்டிட்டேன். நான் இவ்வளவுதான். அன்னிக்கு அத்தை பாத்தப்ப மாட்டுக்கொட்டாய் மணை மேல நின்னேன்.”

பெலகேயாம்மா நாற்காலியோடு சாய்ந்தாள். நான் ஓடிப்போய்த் தாங்கினேன். என் கண் மாவ்ரா பக்கம் போனது. இப்போது கத்துவாள், வீட்டுக்குக் கேடு வந்தது என்று பார்த்தேன். அவள் விருந்துத் தட்டில் பாக்கி இருந்த பணியாரத்தை எடுத்து வாயில் போட்டாள்.

“எந்திரிங்க பெலகேயா. எனக்கு அன்னிக்கே தெரியும். வாசனையே வந்துச்சே. என்னைப் பாக்க வந்தப்ப என்னை நிறுத்தினது கவுத்துப் போட்ட ஊறுகாய்ச் சால் மேல. அவரு கதவைச் சாத்திட்டுத் திரும்பிப் பாத்தப்பத்தான் பொண்ணு எங்கன்னு தேடினாரு.”

“தெரிஞ்சே ஏன் சரின்னீங்க?” என்று முனகினாள் பெலகேயாம்மா.

“உசரத்தை வச்சு என்ன செய்ய, கூரையா மேய? அப்பம் போடறேன்னு சொன்னாளே, அந்த மூளை எங்க வீட்டுக்கு வேணும்னு நெனச்சேன்.”

அர்தலியோன் குனிந்து டோப்பாவை எடுத்துத் தலையில் வைத்து, சுருளைச் சரிசெய்துகொண்டான். சரியாக உட்கார்ந்ததும் பழைய முகம் வந்துவிட்டது. சவ்வாவின் முதுகைப் பார்த்துச் சொன்னான்.

“எனக்கு ஆட்சேபணை இல்லைங்க. நாலு பேர் முன்னாடி போறப்ப அந்தச் செருப்பைப் போட்டுக்கட்டும். பழகிடும்.”

வீடே மூச்சு விட்டது. சவ்வா திரும்பினார், கண்ணில் தண்ணீர். பெலகேயாம்மா துணியை விலக்கிச் சாமிக்கு நன்றி சொன்னாள். தேன்மது கொண்டுவர நான் கதவுவரைக்கும் போய்விட்டேன்.

“ஒரு சந்தேகம்” என்றாள் உலீத்தா. “அந்த உத்தரவுல, பிடிக்கலைன்னா விட்டுடலாம்னு இருக்கே, அது ஆம்பளைக்கு மட்டுமா?”

அர்தலியோன் யோசித்தான். நேர்மையானவன், பொய் வரவில்லை. “இல்லை. ரெண்டு பேர்ல யார் வேணும்னாலும் சொல்லலாம்.”

“அப்ப நான் வேண்டாம்னு சொல்றேன்.”

அடுப்பில் கொழுந்து விட்டுக்கொண்டிருந்த நெருப்பு அப்படியே நின்றது. கிரெம்ளின் மணி பாதி அடித்து நிறுத்திக்கொண்டது. கூரையில் இருந்த காக்கை என்ன கேட்டோம் என்று குனிந்து பார்த்தது. ருஷ்ய தேசத்தில் கல்யாணத்துக்கு ஒரு பெண் சரி என்றுகூடச் சொன்னதில்லை, அவளை யார் கேட்டார்கள். இவள் வேண்டாம் என்கிறாள்.

“என்ன சொன்னே?” என்றார் சவ்வா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“மணை மேல ஒரு மத்தியானம் நின்னதுக்கே காலு மரத்துப்போச்சுப்பா. ஆயுசு பூரா நிக்க என்னால முடியாது.”

“இல்லேன்னா மடம். தெரியுமில்ல?”

“தெரியும். அங்க வெறுங்காலோட நிக்கலாம்.”

இதைச் சொல்லும்போது அவள் ஒரு கையால் பின்னலைப் பிடித்துக்கொண்டாள். அதை நான் மட்டும் பார்த்தேன். மாவ்ரா எழுந்து, போகிற வழியில் உலீத்தாவின் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினாள். கோபமா பிரியமா என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. அர்தலியோன் குனிந்து வணங்கிவிட்டுப் போனான். டோப்பா விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வணங்கினான்.

அந்த வாரமே சவ்வா சறுக்குவண்டி பூட்டச் சொன்னார். சத்தியம் சத்தியம்தான். பெலகேயாம்மா வாசல் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். வண்டிக்கு நாலு பக்கமும் திரை. உள்ளே உலீத்தாவும், துணைக்கு நானும். எதிரில் சவ்வா, மடியில் தாடிப் பெட்டி.  நான் ஒரு வேடிக்கை சொல்லிப் பார்த்தேன், அது வாயைவிட்டு வெளியே வந்ததும் உறைந்து கீழே விழுந்துவிட்டது. உலீத்தா தன் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னிக்கொண்டே வந்தாள். வெட்டப்போகிற முடி அல்லவா.

மடத்துத் தலைவி வயதானவள், முகத்தில் தாடி இருந்திருந்தால் சவ்வாவே பொறாமைப்படுகிற அளவுக்குக் கம்பீரம். எல்லாவற்றையும் கேட்டாள். அப்புறம் தலையை ஆட்டினாள்.

“முடியாது சவ்வா தெரெந்தியிச்.”

“காணிக்கை பத்திக் கவலை வேண்டாம் தாயே. நெறையக் கொண்டாந்திருக்கேன்.”

“காணிக்கை இல்லப்பா. உத்தரவு வந்திருக்கு. நாப்பது வயசு ஆகாத பொம்பளைக்கு முடி வெட்டி மடத்தில சேக்கக் கூடாது. இளசுங்க எல்லாம் கல்யாணம் பண்ணிப் பிள்ளை பெத்துக்கணுமாம், பட்டாளத்துக்கு ஆள் வேணுமாம். நான் சேத்தா என்னை இழுத்துட்டுப் போவாங்க.”

சவ்வா பெட்டியைப் பார்த்தார். தலைவியைப் பார்த்தார். தாடியை எடுத்தபோதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை.

“தாடி மேல சத்தியம் பண்ணிட்டேனே.”

“நீ கூட்டிட்டு வந்துட்டே. உன் சத்தியம் இந்த வாசல் வரைக்கும் நடந்து வந்துடுச்சு. கதவைத் திறக்காதது நான். பாவம் என் கணக்கில போகட்டும்.”

“புருஷன் வேண்டாங்கிறா. மடம் அவளை வேண்டாங்குது. வயசுக்கு வந்த பொண்ண நான் எங்க தாயே வைக்கிறது?”

“வீட்டில வை.”

எங்கள் மூன்று பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. புருஷன் வீடு ஒன்று, சாமி வீடு ஒன்று, பெண்ணுக்கு இரண்டு கதவுதான் என்று இருந்தோம். வந்த கதவே திறந்துதான் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. உலீத்தா அங்கேயே பனியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று குனிந்து பார்த்தேன். இரண்டும்.

திரும்பும்போது அவள் வண்டித் திரையை விலக்கினாள். குளிர் காற்றும் மாஸ்கோவும் சேர்ந்து உள்ளே வந்தன. மீன் விற்கிறவன், வெங்காயம் மாதிரிக் கோயில் கோபுரங்கள், ஒருவன் முதுகில் இன்னொருவன் ஏறிப் பனியில் உருளும் பிள்ளைகள்.

“மூடு. ஊரே பாக்குது” என்றார் சவ்வா.

“நானும்தான்பா பாக்கறேன்.”

அவர் கையை நீட்டினார், மூடத்தான் நீட்டினார் என்று நினைக்கிறேன். நடுவழியில் அந்தக் கை நின்று, பெட்டிமேல் திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டது.

“அதோ அதுதான் துணிக்கடைத் தெரு” என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

அப்புறம் சுவீடன்காரனோடு சண்டை நீண்டுகொண்டே போனது. வயதான சவ்வாவையும் ஜார் விடவில்லை, வடக்கே ஏதோ கோட்டைக்குப் பட்டாளத்தின் தானியக் கணக்குப் பார்க்க அனுப்பிவிட்டார். பெட்டியும் கூடவே போனது. இங்கே கிராமத்து நிலத்தைப் பார்க்க ஆண்பிள்ளை இல்லை. பெலகேயாம்மாவுக்கு நிலம் என்றால் கோயிலுக்குப் போகிற வழியில் வண்டித் திரைக்கு வெளியே இருப்பது, அவ்வளவுதான். உலீத்தாதான் போனாள். அடுத்த தெருவுக்கு நாலு திரையோடு போனவள், திறந்த சறுக்குவண்டியில் இரண்டு நாள் தூரம் போனாள். கூட நான், என் மடியில் அந்த இரண்டு மணை. எடுத்துவரச் சொன்னது அவள்தான்.

கல்யாணம் ஆயிற்றா என்று கேட்பீர்கள். வரன்கள் வருகிறார்கள். உட்காரச் சொல்லி, முதலில் டோப்பாவைக் கழற்றச் சொல்கிறாள். பாதிப் பேர் அங்கேயே எழுந்து போய்விடுகிறார்கள்.

அன்றைக்கு நாங்கள் போய் இறங்கியபோது கிராமத்தில் களஞ்சியத்து முன்னால் ஊரையே கூட்டியிருந்தார்கள். போன அறுவடையில் பாதித் தானியம் காணோம். எலி தின்றது என்றான் களஞ்சியச் சாவி வைத்திருந்த காரியக்காரன். வண்டி ஓட்டத் தெரிந்த எலியாக இருக்கவேண்டும். கூட்டத்தில் பின்னால் இருந்தவர்களுக்கு உலீத்தா தெரியவில்லை, “வந்திருக்காங்களா இல்லையா” என்று ஒருவன் கேட்டான்.

“அகாபியா, மணையைப் போடு” என்றாள். எல்லோர் கண்ணெதிரிலும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறினாள்.

முன்வரிசைக் கிழவர் ஒருவர் கையால் வாயைப் பொத்தினார்.

“ஏன் பெரியவரே சிரிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்ல தாயி. பெரிய வீட்டுப் பொண்ணுங்க மணை மேல நிப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கோம். மணை வெளிய தெரியறத இப்பத்தான் பாக்கறோம்.”

“நல்லாப் பாத்துக்குங்க. பாத்தாச்சா? சரி, எல்லாரும் பசியோட வந்திருப்பீங்க. முதல்ல அப்பம் சாப்பிடலாம்.”

நான் கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போனேன். வெண்ணெய் சொட்டுகிற அப்பம், பஞ்சத்தில் அடிபட்ட ஊர், ஒவ்வொருவரும் இரண்டு கையையும் நீட்டினார்கள். கடைசியில் காரியக்காரனிடம் வந்தேன்.

“எனக்கு வேண்டாம் தாயி” என்றான் அவன். “வயிறு நெறஞ்சிருக்கு.”

மணைமேல் நின்ற உலீத்தாவின் கண் அவன் கண்ணுக்கு நேராக இருந்தது.